ஏழாம் மாடியில் இல்லாத படிக்கட்டு

"ஐயோ...!"

ஏழாம் மாடியில் கிளம்பிய அலறல், நிலவறையில் போய்த்தான் நின்றது.

1996. ரொறன்ரோ, யங் வீதி. 1930இல் கட்டி, பல வருடமாகப் பூட்டிக் கிடந்த பிரமாண்டமான பல்பொருள் அங்காடி. அதைத் திருத்தி அலுவலகங்களாக மாற்றும் வேலை.

அளவெடுக்க வந்த படவரைஞன் பஸ்ரியன்... இப்போது பிணம்!

கையில், 1929இல் கீறிய வரைபடம்.

மூன்றாம் நாள். காப்புறுதிக் கம்பனியிலிருந்து விசாரிக்க வந்தாள் யோகராணி. ஏழாம் மாடி விருந்து மண்டபத்தில் காத்திருந்தான் அன்புராசா. பஸ்ரியனோடு ஒரே ஆபீசில் பத்து வருடம் வேலை செய்தவன்.

"என்ன நடந்தது, அண்ணை?"

"அந்தக் கதவுக்குப் பின்னால மாபிள் படிக்கட்டு எண்டு படத்தில இருக்கு, தங்கச்சி. உள்ளுக்கு ஒரே இருட்டு. நம்பிக் காலை வைச்சிட்டான்! கட்டேக்கை கடைக்காரரிட்டைக் காசு முடிஞ்சு, படியைக் கட்டாமல் விட்டிட்டாங்கள். வெறும் கிடங்கு... ஏழு மாடிப் பள்ளம்!"

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"கீழ, வாசலடியில. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தனான்."

கண்ணைத் துடைத்தான்.

"என்னிலை அவனுக்குச் சரியான பொறாமை. நான் தேடி எடுத்த படம் உது. கேக்காமல் தூக்கிக்கொண்டு வந்திட்டான்."

"ஏன் பொறாமை?"

"இந்த வேலைக்கு என்னைத்தான் பொறுப்பாப் போடுவாங்கள் எண்டு..."

பொலிஸாரிடம் வாங்கி வந்த வரைபடத்தை யோகராணி விரித்தாள். கஞ்சி போட்ட மெல்லிய துணியில் கீறிய படம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் மெலிந்திருந்தது. வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவியது!

"ஆரோ பிளேட்டால சுரண்டியிருக்கினம்."

"அந்தக் காலத்து ஆக்களா இருக்கும்..."

"இல்லை." பையிலிருந்து ஒரு போட்டோ கொப்பியை எடுத்தாள். "போன மாசம் ஆவணக் காப்பகத்தில கையெழுத்து வைச்சு இதை எடுத்தது நீங்கள். உங்களிட்டைத் தர முதல் காப்பக ஆக்கள் ஒரு கொப்பி எடுத்து வைச்சவை. பாருங்கோ!"

அதே சதுரத்தில் கறுப்பு முத்திரை.

'படிக்கட்டு ரத்து. 1930.'

அன்புராசாவின் முகம் வெளிறியது.

"உங்கட முதலாளியோடையும் கதைச்சனான். பொறுப்பாப் போட்டது பஸ்ரியனை! நியமனக் கடிதம் குடுத்து ஏழு நாளாச்சு. விழுந்த அண்டைக்குக் காலமை பஸ்ரியன் தன்ரை மனிசி அன்ரனெற்றிட்டைச் சொல்லிப்போட்டு வந்தவராம்... 'அன்புராசா நல்லவன், தானாவே படத்தைத் தந்தவன்' எண்டு."

அன்புராசா வரைபடத்தைத் தட்டிவிட்டான்.

பிறகு வெடித்தான்.

"பத்து வருசம்! நான் கீறுவன்... அவன் கையெழுத்து வைப்பான்! வெள்ளைக்காரன் அவன்ரை தோளிலைதான் தட்டுவான்! காப்பகத்தில தூசு திண்டது நான்... கடிதம் அவனுக்கோ? முத்திரையைச் சுரண்டினன். பூட்டைத் திறந்துவிட்டன். அவ்வளவுதான்! தள்ளேல்லை! அவனாத்தான் போனவன்!"

"ஓம். உங்களை நம்பிப் போனவர்."

மண்டப வாசலில், அவள் முன்பே சொல்லிவைத்திருந்த இரண்டு பொலிஸார். கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

"தங்கச்சி... விபத்தெண்டே எழுதிவிடுங்கோ! உங்களைக் கும்பிடுறன்!"

யோகராணி பேனையை மூடினாள்.

"எங்கட படிவத்தில விபத்துக்கு நாலே காரணம்தான், அண்ணை... தீ, தண்ணி, காத்து, கவலையீனம். வயித்தெரிச்சலைத் தீயிலை சேக்கேலாதாம்!"