சேரேத் பள்ளத்தாக்கில் ஆசீரைத் தேடி

“சிஸ்டர், ஆசீர் ரூமுக்கு வரல்ல! ராத்திரி பூரா வரல்ல!”

ஜோர்டான் நாட்டில் கரக் என்னும் மலை ஊர். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நர்சுகள் விடுதி வாசலில் யாசீன் மூச்சு வாங்க நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர்; அந்த ஊர் வழக்கில் எல்லோருக்கும் அவர் ‘காக்கா’, அதாவது அண்ணன். சாக்கடல் ஓரத்து உப்புக் கம்பெனி ஒன்றில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ஆசீர் அதே கம்பெனியில் சர்வேயர். இருவருக்கும் ஒரே அறை.

ஹெப்சிபா வாசலுக்கு ஓடி வந்தாள். ஆசீர் அவளுடைய ஒரே தம்பி. தூத்துக்குடிச் சீமையின் நாசரேத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு அவள்தான் முதலில் இங்கே வந்தாள். நான்கு வருடம் கழித்து அவனையும் வரவழைத்தாள்.

“எங்க போறேன்னு சொன்னாம் காக்கா?”

“நேத்து வெள்ளிக்கிழமை, நான் விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு வரும்போதே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். ‘மூணு ராஜாக்கள் தண்ணியில்லாமத் தவிச்ச பள்ளத்தாக்கைப் பாத்துட்டு வாரேன், பொழுது சாய வந்துருவேன்’னான். போன் போகவே மாட்டேங்குது.”

யாசீன் இரவே போலீசில் சொல்லியிருந்தார். பள்ளத்தாக்கு சாக்கடலை நோக்கித் திறக்கும் முகப்பில் போலீசார் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையேற வருகிறவர்கள் வழிதவறுவது அங்கேதானாம். ஆனால் ஆசீர் மலையேறப் போனவன் இல்லையே!

யாசீன் கையில் ஆசீருடைய வேதாகமம் இருந்தது. அறைச் சுவரில் அவன் ஒட்டிவைத்திருந்த பெரிய வரைபடத்தையும் பிய்த்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“எனக்கு இது ஒண்ணும் புரியல்ல சிஸ்டர். நீங்க பாருங்க.”

ஹெப்சிபா தலைகுனிந்தாள். அவளுக்கும் புரியாது. விடுமுறை தவறாமல் வேத ஸ்தலங்களை அளந்துகொண்டு திரிகிற தம்பியை அவள் கேலி செய்யாத நாளில்லை. வியாழக்கிழமைகூட போனில், “வேதத்தை விசுவாசிக்கணும்ல, டேப்பு வச்சு அளக்கக் கூடாது” என்று சிரித்தாள். அவன் போனை வைத்துவிட்டான். அதுவே கடைசிப் பேச்சாகிவிடுமோ?

“வண்டிய எடுங்க காக்கா!” என்றாள்.

முதலுதவிப் பெட்டி, பத்து லிட்டர் தண்ணீர், இழுவைக் கயிறு, ரொட்டி. இவ்வளவுதான் சாமான். பிக்கப் தெற்கே பாய்ந்தது.

அவள் மடியில் வேதாகமத்தை விரித்தாள். ராஜாக்களின் இரண்டாம் புத்தகம், மூன்றாம் அதிகாரம். ஆசீர் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். மோவாப் நாட்டின்மேல் போருக்குப் போன மூன்று ராஜாக்கள் ஏதோம் தேசத்து வழியாக ஏழு நாள் சுற்றி வந்து, குடிக்கச் சொட்டுத் தண்ணீரில்லாமல் ஒரு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்ட கதை. ஓடையில் குழிகளை வெட்டச் சொல்கிறார் எலிசா தீர்க்கதரிசி. காற்றும் வராது, மழையும் வராது, ஆனாலும் இந்தப் பள்ளம் நிரம்பும் என்கிறார். மறுநாள் காலையில் நிரம்புகிறது. பள்ளத்தாக்கின் பெயர் அதிகாரத்தில் இல்லை. ஓரத்தில் ஆசீர், ‘சேரேத் ஆறா? எந்த இடம்?’ என்று எழுதியிருந்தான்.

“சேரேத்துன்னா இப்ப இவங்க வாதி ஹசான்னு சொல்றது” என்றார் யாசீன். “அம்பது கிலோமீட்டருக்கு மேல நீளம்! எங்கன்னு தேடுறது?”

ஹெப்சிபா வரைபடத்தைப் பிரித்தாள். பழுப்பு நிறத்தில் நெளிநெளியாக ஆயிரம் கோடுகள். கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவன் ஒருநாள் சமையலறையில் நின்று இந்தக் கோடுகளைப் பற்றிச் சொன்னான்; அவள் மீன் பொரித்துக்கொண்டே காதில் வாங்காமல் இருந்தாள். என்ன சொன்னான்? ஒவ்வொரு கோடும் ஓர் உயரம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால்...

“சமதரை!” என்று கத்திவிட்டாள். “காக்கா, ஒரு படை முழுக்க ஆடுமாடோட தங்கணும், குழியும் வெட்டணும். அப்ப பள்ளத்தாக்கு அடி அகலமா இருக்கணும்லா? பாருங்க, எல்லா எடத்துலயும் கோடு ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கயும் இங்கயும் மட்டுந்தான் விலகியிருக்கு!”

“ரெண்டு எடம் இருக்கே?”

அவள் அதிகாரத்தை மேலும் படித்தாள். விடியற்காலையில் மோவாபியர் தங்கள் எல்லையில் நின்று பார்க்கும்போது எதிரே தண்ணீர் ரத்தம் போலச் சிவப்பாகத் தெரிந்தது. மோவாப் வடக்கே. அப்படியானால் வடக்கு விளிம்பில் நிற்பவன் கண்ணுக்கு அந்தத் தரை தெரிய வேண்டும். முதல் இடத்தை வடக்கே ஒரு மேடு மறைத்தது. இரண்டாவது இடம் திறந்து கிடந்தது. அதன்மேல் பென்சில் முனை அழுந்திய ஒரு சிறு புள்ளியும் இருந்தது.

“இங்கதான் போயிருக்காம்! ஓட்டுங்க!”

வடக்கு விளிம்பை அடைந்தபோது மணி பத்து. கீழே ஒரே மண்ணும் கல்லும். வானம் துடைத்துவிட்ட நீலம். வெகுதூரத்தில், தெற்கு மேடுகளுக்குப் பின்னால் மட்டும் கரிக்கோடு போல மேகம் தெரிந்தது.

“தெற்கே தஃபீலா ஊர்ப் பக்கம் மழை போல” என்றார் யாசீன். “நம்ம பக்கம் வராது.”

ஆடுகள் இறங்கும் தடத்தில் வண்டியை உருட்டி இறக்கினார். ஓடைப்படுகையில் பாறைகள் மறிக்கும்வரை ஓட்டினார். பிறகு நடை. ஆறு லிட்டர் தண்ணீர், கயிறு, முதலுதவிப் பெட்டி, வரைபடம் இவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

“ஆசீரூ! ஏல ஆசீரூ!”

பாறைகள்தான் பதில் சொல்லின. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹெப்சிபாவின் தொண்டை கட்டிக்கொண்டது. கணக்கு தப்பிவிட்டதா? அவன் முதல் இடத்தில் கிடந்தால்?

“சிஸ்டர், அங்க பாருங்க!”

செம்மண் கரையோரம் மஞ்சள் நிறத்தில் ஒன்று அசைந்தது. அளவு நாடா! அதன் நுனியைப் பிடித்தபடி, பாறை நிழலில் ஆசீர் சுருண்டு கிடந்தான். உதடுகள் வெடித்திருந்தன. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வீங்கியிருந்தது. கரையின் உயரத்தை அளக்க ஏறியபோது கல் பெயர்ந்து விழுந்திருக்கிறான். போன் சில்லுசில்லாகக் கிடந்தது. வெள்ளி மாலையோடு தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது.

“அக்கா...” சத்தமே வரவில்லை.

ஹெப்சிபா அழவில்லை. பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அவன் பாட்டிலையே பிடுங்கப் பார்த்தான். “மொத்தமாக் குடிச்சா வாந்தி எடுப்ப. பொறுல!” என்று அதட்டினாள். அவனுடைய நீளமான மர அளவுகோலை ஒடித்துக் காலின் இருபுறமும் வைத்துக் கட்டினாள். அவன் அலறியது பள்ளத்தாக்கெங்கும் எதிரொலித்தது.

“வண்டி மூணு கிலோமீட்டர் இருக்கு” என்றார் யாசீன். “ஓடை வழியே சமதரைதான். நான் முதுகுல தூக்கிக்குறேன்.”

அதுதான் சுலபம். ஹெப்சிபா வரைபடத்தைத் தரையில் விரித்துக் குறுக்குவழி ஏதும் உண்டா என்று பார்த்தாள். அப்போதுதான் நீலப் பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. தெற்கு மேடுகளிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஓடையையும் ஆசீர் நீலத்தில் வரைந்திருந்தான். அரச இலையின் நரம்புகள் காம்பில் கூடுவது போல, அத்தனை கோடுகளும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே ஒன்றுசேர்ந்தன.

அவள் விரல் அந்தக் கோடுகளின் வழியே தெற்கே ஓடியது.

“காக்கா, அந்தத் தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு அதிகாரத்துல இருக்கு தெரியுமா? ஏதோம் வழியா! இங்க காத்துமில்ல, மழையுமில்ல. பெஞ்சது அங்க! ஏதோம் எது? தெற்க தெரியுதே, அந்த மேடுதான்!”

யாசீன் திரும்பித் தெற்கே பார்த்தார். பள்ளத்தின் அடியிலிருந்து மேகம் தெரியவில்லை. தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது.

“காலைல பாத்தோமே அந்த மேகம்...” என்று முணுமுணுத்தார்.

“படுகையில போகக் கூடாது! மேல ஏறணும், இப்பவே!”

“சிஸ்டர், இது செங்குத்தா இருக்கு! இவனைத் தூக்கிக்கிட்டு எப்படி ஏற? வண்டியும் கீழ நிக்குது!”

“வண்டி கெடக்கட்டும்! எங்கூட வாங்க காக்கா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்!”

ஒரு நொடி அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கயிற்றை ஆசீரின் இடுப்பில் கட்டினார்.

யாசீன் மேலே நின்று இழுத்தார். ஹெப்சிபா கீழிருந்து தோள்கொடுத்துத் தள்ளினாள். ஒவ்வொரு முழத்துக்கும் ஆசீர் துடித்தான். சரளை சரிந்து அவள் முழங்கை கிழிந்தது. பாதி ஏறியதும் கயிறு யாசீனின் கையை அறுத்துக்கொண்டு நழுவியது. ஆசீர் இரண்டு ஆள் உயரம் சறுக்கி அவள்மேலேயே வந்து விழுந்தான்!

“என்னை விட்டுருக்கா. நீங்க போங்க.”

“வாய மூடுல! ஒன்ன விட்டுட்டு நான் எங்க போக?”

அந்த நேரத்தில் ஈரமண் வாசனை வந்தது. மழையில்லை, ஆனால் மண் மணத்தது! மேற்புற வளைவிலிருந்து புறாக்கள் படபடவென்று எழும்பின. சிறு குச்சிகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, கையகலத்தில் ஒரு பழுப்பு நாக்கு படுகையில் நெளிந்து வந்தது. அதன் பின்னால் லாரிகள் கூட்டமாக வருவது போல ஓர் இரைச்சல்.

“யா அல்லாஹ்! இழு, இழு!” யாசீன் தமக்குத் தாமே கத்திக்கொண்டார். ஹெப்சிபா பல்லைக் கடித்து, தலையாலேயே முட்டித் தள்ளினாள். மூவரும் ஒரு பாறைத் திட்டில் குப்புற விழுந்தபோது, கீழே வெள்ளம் வளைவைத் திரும்பியது. பாறைகள் ஒன்றோடொன்று மோதி இடித்தன. ஆசீர் கிடந்த நிழல், அவன் கண்டுபிடித்த தரை, எல்லாம் ஒரே விழுங்கலில் மறைந்தன. ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று தண்ணீர் ஏறியது. பாதிச் சரிவோடு நின்றது. சற்றுமுன் அவள் விழுந்துகிடந்த இடம் அது.

யாசீன் கீழே எட்டிப் பார்த்து, “படுகையில போயிருந்தா?” என்றார். ஹெப்சிபா தம்பியைத் திட்டின் உட்புறமாக இழுத்துக் கிடத்தினாள்.

மேலே செங்குத்து, கீழே வெள்ளம், இருவர் போனிலும் சிக்னல் இல்லை. இருட்டுவதற்குள் ஆசீருக்குக் காய்ச்சல் கொதித்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் மிச்சம். ஹெப்சிபா தானும் யாசீனும் குடிக்காமல் அவனுக்கே மூடி மூடியாகக் கொடுத்தாள். கண்ணெதிரே ஓர் ஆறே ஓடியது, நாக்கோ ஒட்டிக்கொண்டது. ஜெபம் பண்ண வாயெடுத்தாள். “ஆண்டவரே” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவன் மூச்சை எண்ணியபடியே குளிரில் விடியும்வரை கிடந்தாள்.

பொழுது விடிந்தது. வெள்ளம் வடிந்து, அகலத் தரையெங்கும் குட்டைகள் தேங்கியிருந்தன. சூரியன் மலைக்கு மேல் தலைகாட்டியதும் அத்தனை குட்டைகளும் சட்டென்று சிவந்தன. ரத்தம் போன்ற சிவப்பு!

“அக்கா...” ஆசீர் கண்ணைத் திறந்து பார்த்தான். “மோவாபியர் பாத்தது இதத்தான்.”

“பேசாதல” என்றாள். ஆனால் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். “காக்கா! இந்த எடம் வடக்கு விளிம்புலேருந்து தெரியும். அதனாலதான இதத் தேர்ந்தெடுத்தோம்? அங்க யாராவது நின்னா நம்மளயும் தெரியும்! விடாமக் கூப்பிடுங்க!”

யாசீன் தம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வீசி வீசி, தெரிந்த அரபியெல்லாம் சேர்த்துக் கத்தினார். கால் மணி நேரம். குரல் உடைந்தது. அரை மணி நேரம். ஆசீரின் நாடி அவள் விரலுக்குக் கீழே மெலிந்துகொண்டே போயிற்று. யாசீன் கை ஓய்ந்து உட்கார்ந்தார். அவள் சட்டையைப் பிடுங்கித் தானே வீசினாள்.

விளிம்பில் ஒரு கரும்புள்ளி அசைந்தது. பிறகு பத்து, பிறகு ஐம்பது. ஆடுகள்! நடுவில் ஒரு பெண். அவள் கையைத் தூக்கினாள்.

மதியத்துக்குள் அந்தப் பெண்ணின் வீட்டு ஆண்கள் கயிறும் கழுதையுமாக வந்துசேர்ந்தார்கள். ஆசீரை விளிம்புக்கு ஏற்றி, தங்கள் பழைய வேனில் ஒரு மெத்தையில் கிடத்தினார்கள். வெள்ளம் வந்தால் மறுநாள் குட்டைகளுக்கு ஆட்டை ஓட்டிவருவது வழக்கமாம். அந்தப் பெண் ஒரு குவளை மோரை ஹெப்சிபாவின் கையில் வைத்தாள். அப்போதுதான் ஹெப்சிபா வாய்விட்டு அழுதாள்.

ஓட்டி வந்த பிக்கப் இரண்டு கிலோமீட்டர் கீழே, நான்கு சக்கரமும் மேலே தெரிய மண்ணில் புதைந்து கிடந்தது. யாசீன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், நாம உள்ள இல்ல” என்று மட்டும் சொன்னார்.

கரக் ஆஸ்பத்திரியில் ஆசீரின் காலுக்குக் கம்பி வைத்தார்கள். நான்காம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். டியூட்டி முடிந்து வந்த ஹெப்சிபா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நான் இத்தன வருஷமா வாசிச்சது எல்லாம் எங்கயோ மேகத்துல நடந்துச்சுன்னு நெனச்சிருந்தேம்ல” என்றாள் மெதுவாக. “மண்ணுல நடந்திருக்கு.”

அவன் சிரித்தான். அவள் கைப்பையிலிருந்து தன்னுடைய வேதாகமத்தை எடுத்து, கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். அங்கிருந்த வரைபடத் தாள்கள் இரண்டு பிரிக்கப்படாமலே ஒட்டியிருந்தன. நகத்தால் கவனமாகப் பிரித்து அவன் முன்னால் விரித்தாள்.

“சொல்லு. இதுல சேரேத் எங்க இருக்கு?”