இரண்டு நாளைக்கு மட்டும்

"எங்க தெருவுக்குள்ள பஸ் ஏன் வராது? அதை மட்டும் சொல்லுங்க!"

பஸ் டெப்போ ஜன்னலுக்கு வெளியே, மழையில் தொப்பலாக நனைந்து ஒருத்தி நின்றாள். டைம் கீப்பர் நிமிர்ந்தான். அடடா… அந்தக் கண்கள்! கோபத்தில்கூட இத்தனை அழகா?

"அது எப்பவும் சுத்திக்கிட்டுதாங்க போகும்."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாதுங்க. நான் சரித்திர டீச்சர். வகுப்புல நம்ம ஊர்ல நடந்த பழைய கலவரத்தைப் பத்திப் பாடம் நடத்தினேன். 'அதுக்கும் நமக்கும் என்ன டீச்சர்?'னு ஒரு பொண்ணு கேட்டா. தினம் மூணு ஸ்டாப் தூரம் நடந்து வர்றவ. நீ ஏன் நடக்கறேன்னு தேடு, தெரியும்னு சொல்லிட்டேன்…"

"தேடிப் பாக்கறேங்க. குடை வேணுமா?"

"பதில்தான் வேணும்!"

ஆனால் குடையை வாங்கிக்கொண்டுதான் போனாள். திருப்பித் தருவதற்கென்று தினமும் வந்தாள். தினமும் மறந்துபோய் எடுத்துக்கொண்டே போனாள். அவனோ பழைய கோப்புகளின் தூசியில் தும்மித் தும்மித் தேடினான்.

நான்காம் நாள் அகப்பட்டது, முப்பது வருடத்துப் பழைய உத்தரவு. 'ஊரடங்கு காரணமாக, இரண்டு நாளைக்கு மட்டும் அந்தத் தெருவைத் தவிர்க்கவும்.' கீழே கையெழுத்து… அப்போது இங்கே மேலாளராக இருந்த அவனுடைய அப்பா!

"இன்னும் கிடைக்கலைங்க" என்றான் அன்று மாலை.

"பரவாயில்ல. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அந்த ஒரு வார்த்தையில் கூனிக் குறுகிப்போனான். வீட்டுக்குப் போய் உத்தரவை அப்பாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"திரும்ப பஸ் விடச் சொல்லி யாரும் கேக்கலைப்பா. அந்தத் தெருக்காரங்களுக்காகப் பேச அப்போ எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். கொண்டு போய்க் கொடு. என் பேரை மறைக்காதே."

மறுநாள் கொடுத்தான். "அந்தக் கையெழுத்து… எங்கப்பாவோடதுங்க."

அவள் கண்கள் நிறைந்தன. "எங்கப்பா கடைசிவரைக்கும் அங்கேர்ந்து நடந்தேதான் வேலைக்குப் போனார்…" குடையை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். பிறகு வரவேயில்லை.

அவன் மேலாளர் உயிரை எடுத்து, பத்தே நாளில் உத்தரவை ரத்து செய்ய வைத்தான். முதல் பஸ்ஸில் தானே ஏறிக்கொண்டான். தெருமுனையில், கொட்டும் மழையில், ஹோவென்று கத்தும் பிள்ளைகளோடு அவள்!

இறங்கிப் போய்க் குடையை விரித்தான்.

"அப்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார். நானும் ஒண்ணு சொல்லணும்… உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு டீச்சர்."

"எத்தனை நாளைக்கு? உங்க குடும்பத்துல ரெண்டு நாள்னா முப்பது வருஷமாச்சே!"

"அதுக்கும் மேலங்க…"

அவள் சிரித்துவிட்டாள். அவன் கையிலிருந்த குடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இதைத் திருப்பித் தரமாட்டேன்."