மேஜைக்கு அடியில் ஒரு கோட்டான்

அந்தக் கறுப்புப் பெட்டி ஒரு சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். ஆனால் அது படுத்திய பாட்டுக்கு ஒரு யானையையே வீட்டில் வளர்த்திருக்கலாம்.

பெட்டி என்றால் ஹார்டு டிஸ்க். ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் படம், பாட்டு என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் எழுதிச் சேமிக்கலாம். மூக்கியின் வீட்டில் அதற்குள் போய்க்கொண்டிருந்தது அவள் அம்மாவின் குரல்.

மூக்கிக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பதால் அப்பா இந்தப் பெயரை வைத்தார். நல்ல பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

அவள் அம்மா, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவர். வீட்டின் கடைசி அறைதான் பதிவு அறை. தெருச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலை இறுக்க மூடி, நாலு சுவரிலும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே நுழைந்தால் துணிமூட்டைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். அறையில் ஃபேனும் கிடையாது. ஃபேன் சுற்றினால் அந்தச் சத்தமும் பாடத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும்.

புத்தகம் முழுவதையும் வாசித்தாயிற்று. லேப்டாப்பில் இருக்கும் பாடங்களைக் கறுப்புப் பெட்டிக்குள் காப்பி செய்வதுதான் பாக்கி. பள்ளி வேன்காரர் நாளைக் காலையில் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார். பள்ளி திறக்கும் அன்று எல்லாப் பிள்ளைகளின் கையிலும் புதுப் புத்தகம் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டிதான் புத்தகம்.

ஆனால் பெட்டி முரண்டு பிடித்தது.

"மறுபடியும் நின்னுபோச்சு," என்றார் அம்மா, கன்னத்தில் கை வைத்தபடி.

மூக்கி திரையை எட்டிப் பார்த்தாள். 'எழுதுவதில் பிழை' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பெட்டியில் எப்போதும் சிமிட்டிக்கொண்டிருக்கும் நீல விளக்கு அணைந்திருந்தது. சற்று நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி எரிந்தது.

"பெட்டி நிறைஞ்சு போச்சாம்மா?"

"பாதிகூட நிறையல."

"எழுதக் கூடாதுன்னு பூட்டு கீட்டு போட்டிருக்கா?"

"அதையும் பார்த்தேன். ஒயரை மாத்தியாச்சு. லேப்டாப்பை அணைச்சுப் போட்டாச்சு. பெட்டியைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டா, பெட்டி நல்லா இருக்குன்னு சொல்லுது. கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். பெட்டிக்கு வயசாயிருக்கும்கிறார்." அம்மா பெருமூச்சு விட்டார். "ஆனா ஒண்ணுதான் புரியல. நேத்து நீங்கள்லாம் தூங்கினப்புறம் சில பாடத்தைப் போட்டேன். தண்ணி மாதிரி போச்சு. பகல்லதான் இந்தக் கூத்து."

மூக்கியின் மூக்கு விடைத்தது.

எல்லாரும் தூங்கும்போது வேலை செய்கிறது, விழித்திருக்கும்போது நின்றுபோகிறது. அப்படியானால் விழித்திருக்கும் யாரோ பெட்டியில் கை வைக்கிறார்கள்.

யார்?

அப்பா லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஏதாவது ஒரு கட்டடத்தில் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பார். அம்மா தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டார். எதிர்வீட்டுப் பூனைமீது மூக்கிக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் பூனைக்குக் கதவைத் திறக்கத் தெரியாது.

மிஞ்சியது கோட்டான்.

கோட்டான் அவள் சித்தி மகன். அவளைவிட ஒரு வயது சின்னவன். சித்தி பாலம் கட்டும் இன்ஜினியர். போனில் சிக்னல்கூட வராத ஒரு மலைக்காட்டில் வேலை வந்ததால், போன வாரம்தான் அவனை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார். மூக்கிக்கு ஒரு குட்டி மின்விசிறியும் வாங்கி வந்தார். ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும், வண்டு மாதிரி சுற்றும். நல்ல சித்தி. ஆனால் மகன்?

பேசவே மாட்டான். உருண்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். ஓர் அறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, தான் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாமல் எழுந்து போகக்கூடிய ஆள். அவளே வைத்த பெயர்தான் கோட்டான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் ஒன்று இருந்தது. அவன் வருவதற்கு முன் பெட்டி ஒருமுறைகூட நின்றதில்லை.

இன்னும் இருந்தன. அம்மா அறையை விட்டு வெளியே வந்து வெகு நேரம் ஆன பிறகும் ஹெட்போன் சூடாக இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு தலையணை கிடந்தது. நேற்று அவள் சட்டென்று உள்ளே நுழைந்தபோது அவன் மேஜைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான்.

"அங்க என்னடா பண்றே?"

"சும்மா."

'சும்மா' என்று சொல்கிறவர்கள் யாரும் சும்மா இருப்பதில்லை என்பது மூக்கியின் அனுபவம். அவளும் அடிக்கடி சொல்லும் வார்த்தை அது.

அன்று மதியமே அவள் பொறி வைத்தாள்.

அப்பாவின் பழைய போனைப் புத்தக அலமாரியில், ஓர் அட்டை டப்பாவுக்குப் பின்னால், கேமராக் கண் மட்டும் தெரியும்படி சாய்த்து வைத்தாள். அந்தப் போனின் பேட்டரி போண்டி. சார்ஜில் போடாவிட்டால் கால் மணி நேரத்தில் படுத்துவிடும். அம்மாவின் லேப்டாப்பில் ஒரே ஒரு யு.எஸ்.பி. துளைதான் வேலை செய்யும் என்பதால் அதில் நாலு துளை உள்ள ஒரு கட்டையைச் செருகியிருந்தார். அதில் ஒரு துளையில் கறுப்புப் பெட்டி, இன்னொன்றில் மூக்கியின் மின்விசிறி. மூன்றாவது துளையில் போனின் ஒயரைச் செருகினாள். பிறகு மேஜையை ஒட்டிய சுவரில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அம்மா வந்து பாடங்களைக் காப்பி செய்யத் தொடங்கிவிட்டு, சமையலறைக்குப் போனார். நீல விளக்கு சிமிட்டியது. கதவு மெல்லத் திறந்தது. பூனை நடையில் கோட்டான் உள்ளே வந்தான். போர்வையில் இருந்த சின்ன ஓட்டை வழியாக மூக்கி பார்த்தாள். அவன் மேஜைக்கு அடியில் மறைந்தான்.

துப்பறிகிறவர்களுக்கு எவ்வளவு வியர்க்கும் என்று எந்தத் துப்பறியும் கதையிலும் சொல்வதில்லை. கம்பளிப் போர்வைக்கும் சுவருக்கும் நடுவே மூக்கி இட்லி போல வெந்துகொண்டிருந்தாள். ஆனாலும் பொறுத்தாள். பொறுத்தாள். கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டு மறுபடியும் பொறுத்தாள்.

அப்போது லேப்டாப் 'டுங்' என்றது. எழுதுவதில் பிழை.

"அம்மா, பிடிச்சுட்டேன்," என்று போர்வையோடு வெளியே பாய்ந்தாள். போர்வை காலில் சிக்கியதில் பாய்ச்சல் உருளலாக முடிந்தது.

அம்மா ஓடி வந்தார். மேஜைக்கு அடியிலிருந்து கோட்டான் வெளியே வந்தான், கழுத்தில் ஹெட்போனோடு.

"இவன்தாம்மா. தினம் வந்து ஒயரைப் பிடுங்கி விடுறான். இவன் வந்த நாள்லேருந்துதான் பெட்டி கெட்டுது."

"கண்ணு, ஒயரைத் தொட்டியாப்பா?" என்று அம்மா கேட்டார். திட்டவில்லை. ஆனால் களைத்துப் போன குரலில் கேட்டார்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"அப்ப உள்ள என்ன பண்ணே? சொல்லு பார்ப்போம்," என்றாள் மூக்கி.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சற்று நேரம் கழித்து மூக்கி எட்டிப் பார்த்தபோது, கூடத்தில் உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்டே?"

"அம்மா சிக்னல் கிடைச்சு போன் பண்ணினா, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லப் போறேன்."

வழக்கு முடிந்துவிட்டது. குற்றவாளியும் கிளம்புகிறான். அப்புறம் ஏன் ஐஸ்கிரீம் கீழே விழுந்த மாதிரி இருக்கிறது?

சாட்சி இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, போனை எடுத்து வந்து பதிவைப் பார்த்தாள்.

படத்தில் கோட்டான் வந்தான். ஹெட்போனை மாட்டினான். லேப்டாப்பில் ஒரு பாடத்தை ஓடவிட்டான். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டான். அவ்வளவுதான். ஒயரைத் தொடவில்லை, பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை. அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. இந்த ஒரு வாரத்தில் அவன் சிரித்து மூக்கி பார்த்ததே இல்லை.

மேஜைமேல் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. சுவர்ப் பக்கமிருந்து திருட்டுத்தனமாக நீண்டு வந்தது.

வேறு ஆள் இருக்கிறான்! அந்தக் கை குட்டி மின்விசிறியின் பொத்தானை அழுத்தியது. விசிறி சுற்றத் தொடங்கியது. அந்த நொடியே நீல விளக்கு அணைந்தது. 'டுங்.'

படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். குற்றவாளியின் கட்டைவிரலில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

மூக்கி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். காலையில் பென்சில் சீவும்போது வெட்டிக்கொண்ட இடத்தில் அம்மா ஒட்டிவிட்ட பிளாஸ்திரி, மஞ்சளாக, அவளைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயோ," என்றார் துப்பறிவாளர்.

ஒரு வாரமாக அவள்தானே அந்த அறையில் காற்று வாங்குகிறாள்? இரவில் அவள் தூங்குவாள், விசிறியும் தூங்கும், பெட்டி வேலை செய்யும். கோட்டான் வந்த அன்றைக்குத்தான் விசிறியும் வந்தது. எல்லாத் தடயமும் சரிதான். ஆள்தான் தப்பு.

ஆனால் ஒருமுறை அவசரப்பட்டாயிற்று. இந்தமுறை சோதித்துப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை பாடத்தைக் காப்பி பண்ணும்மா. ப்ளீஸ்."

முதலில் போனின் ஒயரையும் விசிறியையும் பிடுங்கிவிட்டாள். காப்பி ஓடியது. ஒரு பாடம் முழுதாக உள்ளே போனது. பிறகு விசிறியை மட்டும் செருகிச் சுற்றவிட்டாள். நீல விளக்கு தடுமாறியது, அணைந்தது. 'டுங்.' விசிறியை எடுத்தாள், மறுபடி ஓடியது. மறுபடி செருகினாள், நின்றது.

அம்மாவின் புருவம் மேலே ஏறியது. "விசிறிக்கும் பெட்டிக்கும் என்னடி சண்டை?"

"சண்டை இல்லம்மா. லிப்ட்ல கூட்டம்."

"என்னது?"

"அப்பா சொல்வாரே. லிப்ட் தாங்குற அளவுக்கு மேல ஆள் ஏறினா, அது கத்திட்டு அப்படியே நின்னுடும்னு. இந்தக் கட்டைக்கு லேப்டாப்லேருந்து கொஞ்சூண்டு கரண்ட்தான் வருது. பெட்டி அதைக் குடிச்சுத்தான் எழுதணும். நடுவுல விசிறி ஏறுது, இன்னிக்குப் போனும் ஏறிடுச்சு. பெட்டி பாவம், மயக்கம் போட்டு விழுந்துடுது." அவள் குரல் இறங்கியது. "ஏத்தினது நான்தாம்மா."

அம்மா அவளையே பார்த்தார். உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குவதற்கு அவர் பட்ட பாடு பெட்டி பட்ட பாட்டைவிட அதிகம்.

"சரி," என்றார். "அதை என்கிட்ட சொன்னது போதும். கூடத்துல ஒருத்தன் சட்டை மடிச்சுட்டிருக்கான்."

மூக்கி கூடத்துக்குப் போனாள். எதிரே உட்கார்ந்தாள். போனை நீட்டினாள். அவன் படத்தைப் பார்த்தான். கை வந்தது. மஞ்சள் பிளாஸ்திரி வந்தது. அவன் நிமிர்ந்து அவள் கட்டைவிரலைப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான். உன்மேல பழி போட்டுட்டேன். சாரிடா."

அவன் அடுத்த சட்டையை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"உள்ள போய் என்னதான்டா கேப்பே? பாடமா? லீவுல எவனாவது பாடம் கேப்பானா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "பாடம் இல்ல. பெரியம்மா குரல். எங்கம்மா குரல் மாதிரியே இருக்கும். 'மழை'ன்னு வாசிக்கிற இடத்துல அப்படியே அம்மாதான்."

இத்தனை நீளமாக அவன் பேசியது இதுதான் முதல் தடவை. மூக்கி பிளாஸ்திரியைச் சுரண்டினாள்.

"பெரியப்பா சொல்வார்," என்றான் அவன் திடீரென்று. "லிப்ட்ல கூட்டம் ஆயிட்டா, கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும்னு. இந்த வீட்டுல கடைசியா ஏறினது நான்தானே அக்கா?"

மூக்கி அவன் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள்.

"இது லிப்ட் இல்லடா, வீடு. விசிறி இறங்கினா போதும்."

பைக்குள் இருந்த மற்றச் சட்டைகளையும் எடுத்து அலமாரியில் திணித்தாள். மடிப்பெல்லாம் கலைந்துவிட்டது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அம்மா கட்டையை ஓரம் கட்டிவிட்டு, பெட்டியை நேராக லேப்டாப்பிலேயே செருகினார். பாதியில் நின்றுபோன பாடங்களை எல்லாம் அழித்துவிட்டு, புதிதாகக் காப்பி செய்தார். நீல விளக்கு சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பாடமும் உள்ளே போனது.

"இனிமே ஒரே வேலைதான் பாக்கி," என்றார் அம்மா. "எதுவும் உடைஞ்சிருக்கான்னு ஒவ்வொரு பாடத்தையும் கேட்டுப் பார்க்கணும். எனக்கு என் குரலையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. பொறுமையா உட்கார்ந்து கேக்க ஒரு ஆள் கிடைச்சா நல்லா இருக்கும்."

உருண்டைக் கண்கள் இரண்டு அவரை நிமிர்ந்து பார்த்தன.

கோட்டானின் இடம் இப்போது மேஜைக்கு அடியில் இல்லை. அம்மாவின் நாற்காலியில், தலையில் ஹெட்போனோடு, கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தான். அறை வெந்துகொண்டிருந்தது. மூக்கி பக்கத்தில் நின்று, ஓர் அட்டைத் துண்டால் அவனுக்கு விசிறினாள். உண்மையான குற்றவாளிக்கு அவனே கொடுத்த தண்டனை அது.

'மழை' வந்த இடத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூக்கி தன் மூக்கை எங்கும் நுழைக்காமல் காத்திருந்தாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"கொஞ்சம் வேகமா விசிறு அக்கா," என்றான் கோட்டான்.