யாருடைய நாடி

கரடியின் நாடி மெதுவாக அடித்தது. மயக்க ஊசி போட்டால் நாடி இறங்குவது வழக்கம்தான், ஆனால் இது இறங்கிக்கொண்டே போனது. கால்நடை மருத்துவர் அதன் பின்தொடையின் உட்புறத்தில், அடர்ந்த முடிக்கு அடியில், விரல்களை இன்னும் ஆழமாக அழுத்திப் பார்த்தாள். ஒரு துடிப்பு. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

மிருகக்காட்சிசாலையில் கரடிக் கூண்டின் உள்ளறை அது. சன்னல் கிடையாது. வெளிச்சமும் சத்தமும் மயக்கத்தைக் கலைத்துவிடும் என்பதால் நடுப்பகலிலும் இருட்டாகவே வைத்திருந்தார்கள். அவள் நெற்றியில் கட்டியிருந்த சிறுவிளக்கு ஒன்றுதான் வெளிச்சம். சொத்தைப் பல்லைப் பிடுங்கிய இடத்து இரத்த வாடையும், ஈர முடியின் வீச்சமும், தரை கழுவிய மருந்தின் நெடியும் கலந்து தொண்டையில் அப்பிக்கொண்டன. கரடியின் கண்களைத் துணியால் கட்டி, காதுகளில் பஞ்சு வைத்திருந்தாள். பல்லை அசைத்தபோது அது லேசாக உறுமவே, பதறிப்போய் இரண்டாவது ஊசியும் ஏற்றியிருந்தாள். அது அதிகமாகிப் போயிற்றோ?

"அண்ணா," என்று கதவிடுக்கின் பக்கம் திரும்பி மெல்லக் கூப்பிட்டாள்.

காப்பாளர் எட்டிப் பார்த்தார். குட்டியாக வந்த இந்தக் கரடிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர். வேளாவேளைக்கு அது பண்ணும் அதிகாரத்தைப் பார்த்து மகாராணி என்று பெயர் வைத்தவரும் அவரே.

"மகாராணிக்கு நாடி ரொம்ப இறங்குது. மயக்கம் முறிக்கிற ஊசி ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஒண்ணும் ஆயிடாதே, டாக்டரம்மா?"

"தொடையில போட்டா எந்திரிச்சிரும். போட்டதும் நாம வெளிய வந்து கதவைப் பூட்டிரணும், அவ்வளவுதான். சீக்கிரம்."

காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. அவள் மறுபடி நாடியைப் பிடித்தாள். வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முழங்கால்கள் மரத்துப்போயிருந்தன. காலையிலிருந்து ஓய்வில்லாத அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று உறுத்தியது. கரடியின் மார்பு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாடி இப்படிப் படுத்துவிட்டால் மூச்சு இவ்வளவு நன்றாக ஓடாதே.

தொடையிலிருந்து கையை எடுத்தாள்.

துடிப்பு நிற்கவில்லை.

விரல் நுனியில் அடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாக. இத்தனை நேரம் அவள் பார்த்தது கரடியின் நாடியை அல்ல, தன்னுடையதை. முதலாண்டு மாணவர்கள் செய்து திட்டு வாங்குகிற தப்பு. வேறொரு நாளாக இருந்தால் தன்னையே கேலி செய்து சிரித்திருப்பாள். ஆனால் தன் நாடி எதற்கு இப்படி அடிக்கிறது?

இடதுகையை விளக்குக்கு நேரே பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே கையுறையில் சின்ன ஓட்டை. உள்ளே ஒரு பொட்டு இரத்தம். அந்த இரண்டாவது ஊசி கரடியின் தோல் மடிப்பைத் துளைத்து, மறுபக்கம் மடிப்பைப் பிடித்திருந்த அவள் கையில் இறங்கியிருக்கிறது. பதற்றத்தில் குத்தியது உறைக்கவில்லை; கரடிக்கு ஏற வேண்டிய மருந்து அவளுக்கு ஏறிவிட்டது.

கத்துவதற்காக வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டியவள், சுவருக்கும் கரடிக்கும் நடுவே சரிந்தாள். நெற்றி விளக்கு கழன்று கரடியின் வயிற்றுக்கு அடியில் அமுங்கிப்போயிற்று.

இருட்டு. கண்ணிமை மூடவில்லை. காது மட்டும் தெளிவாகக் கேட்டது.

காலடி. கதவு திறந்தது. வந்துவிட்டார். பிழைத்தேன் என்று நினைத்தாள்.

"டாக்டரம்மா?"

இங்கே இருக்கிறேன். கீழே பாருங்கள் அண்ணா. கீழே.

தாழ்வாரத்து வெளிச்சம் கரடியின் முதுகோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் முழுக்க நிழல். "ஆக்சிஜன் எடுக்கப் போயிட்டாங்களோ?" என்று அவர் முணுமுணுத்தார். "அவங்க வர்ற வரைக்கும் நீ தாங்க மாட்டே, கண்ணு."

வேண்டாம். அண்ணா, வேண்டாம். இருக்கிற உயிரையெல்லாம் ஒரு விரலுக்குத் திரட்டினாள். கடவுளே, ஒரே ஒரு விரல். அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

ஊசி இறங்கியது. கண்துணியை அவிழ்த்தார். பஞ்சை எடுத்தார். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

தாழ்ப்பாள். பூட்டு.

பிறகு கரடியின் மூச்சு மட்டும். நெடுநேரம். அந்த மூச்சும் மாறியது. கனத்தது. ரப்பர் விரிப்பில் நகம் உரசியது. நாக்கு வாய்க்குள் இழுபட்டது. ஒரு பெருமூச்சு. பெரிய உடம்பு எழ முயன்று, தள்ளாடி, தொப்பென்று விழுந்தது. மறுபடி எழுந்தது. அடியில் கிடந்த விளக்கு விடுபட்டு உருள, சுவரெல்லாம் கரடியின் நிழல்.

வெளியே காப்பாளர் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"எந்திரிச்சிட்டியா, தங்கம்? ஊசிக்காக நேத்துலேருந்து பட்டினி போட்டுட்டோம்ல. பசிக்கும், பசிக்கும். கொஞ்சம் பொறு. டாக்டரம்மா வந்து சரின்னு சொல்லட்டும், சாப்பாடு போடறேன்."

ஈரமான மூக்கு அவள் கழுத்தை முகர்ந்தது. கன்னத்துக்கு வந்தது. சொரசொரப்பான நாக்கு கண்ணீரை நக்கியது. உப்பு பிடித்திருந்தது போலும். மறுபடி நக்கியது. பிறகு வாயை அகலத் திறந்தது.

அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.