போடாத அரிசி

மண்ணை அள்ளிய மீன் அதைத் துப்பவில்லை.

ஜெயப்பிரகாஷ் நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மீன்களுக்கு வேறு வேலையே கிடையாது. விளக்கு எரியும் நேரமெல்லாம் வாய் நிறைய மணலை அள்ளுவதும், தின்ன ஏதாவது கிடைத்தால் வாய்க்குள்ளேயே ஒதுக்கிக்கொண்டு மிச்ச மணலை மாவு சலிப்பது போலச் செவுள் வழியாக உதிர்ப்பதும்தான். தென்னமெரிக்க ஆற்று மீன்கள். கடைக்காரர்கள் ஜியோபேகஸ் என்பார்கள். உள்ளங்கையைவிடப் பெரியவை, ஆறு. அதில் மூத்தது குனிந்து அள்ளியது. செவுள் அசைந்தது. மணல் உதிரவில்லை. தொண்டை மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

முட்டை! அவனுக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. இந்த வகை முட்டைகளை வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். குஞ்சு வெளியே வரும்வரை ஒரு வாய்கூடத் தின்னாது. நான்கு வருடமாக இதற்குத்தான் காத்துக் கிடந்தான். காலையில் போட்ட தீனி அப்படியே ஊறிக் கிடந்ததற்கும் காரணம் இப்போது புரிந்துவிட்டது.

வெளியே ஐப்பசி மழை மஞ்சக்குப்பத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தது. மணி ஆறரைதான், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி வினோதினி காலையிலேயே சொந்த ஊரான கீரப்பாளையம் போய்விட்டாள். நாளை அங்கே அவன் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். மீனுக்குத் தீனி போட்டுவிட்டு அவனும் கிளம்ப வேண்டும்.

அப்பா. அந்த வார்த்தை மனசில் வந்ததுமே பல்லைக் கடித்தான். தில்லைநாதன் என்ற அந்த மனிதருக்கு, வைத்தியத்துக்காக இந்த வீட்டுக்கு வந்து தங்கிய நாளிலிருந்தே தொட்டியைக் கண்டால் ஆகாது. "எனக்குக் கட்டிலு அஞ்சரை அடி. உன் மீனுக்கு ஆறடியா?" என்பார். காற்று மோட்டார் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்பார். அவன் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போய் இரண்டு நாள் கழித்து வந்தபோது மோட்டார் சுவிட்ச் அணைந்திருந்தது. பொத்திப் பொத்தி வளர்த்த ஏழு மீன்களும் வாயைப் பிளந்து மேலே மிதந்தன. அவை முதல் முறை ஜோடி சேர்ந்திருந்த வாரம் அது. இப்போதிருக்கும் ஆறும் அதற்குப் பிறகு வளர்ந்ததாகவே வாங்கியவை.

"மீனுதானடா? இன்னாத்துக்கு இந்தக் குதி குதிக்கற?"

ஒரு மன்னிப்பு கிடையாது. மறுநாளே அவரைக் கீரப்பாளையத்தில் கொண்டுபோய் விட்டான். எட்டு மாதம் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

போன் அடித்தது. வினோதினி.

"ஏங்க, இன்னும் கெளம்பலியா? மழை ஜாஸ்தியாவப் போவுது."

"முட்டை வெச்சிருக்கு வினோ. வாயில வெச்சிருக்கு."

"இன்னிக்குமா மீனு? பெத்தவருக்குக் காரியம்ங்க. சரி, வரும்போது பச்சரிசி ரெண்டு கிலோ எடுத்துட்டு வாங்க. இங்க பத்தாதுபோல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். இரண்டாவது மீனுக்கும் தொண்டை புடைத்திருந்தது.

சரி, இரண்டு பெண் மீன்கள். நடக்கக்கூடியதுதான். மூன்றாவதைப் பார்த்தான். நான்காவதைப் பார்த்தான். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆறும் தொண்டை புடைத்து, துடுப்பு மட்டும் அசைய, தொட்டியின் நடுவில் ஒரே இடத்தைச் சுற்றி நின்றன. அந்த இடத்தில் மணலைத் தோண்டி ஒரு பள்ளம் செய்திருந்தன. நீள்வட்டமாக, விளிம்பு லேசாக மடிந்து. காலையில் அது இல்லை. மோட்டார் எப்போதும் போல உறுமிக்கொண்டிருந்தது. நடுநடுவே, சளி அடைத்த தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். தண்ணீரிலிருந்து மஞ்சள் வாசனை வந்தது.

மூத்த மீன் கண்ணாடிக்கு அருகில் வந்து வாயைத் திறந்தது.

அரிசி.

மஞ்சள் தடவிய ஒரு அரிசி. ஊறவில்லை, உடையவில்லை. இப்போதுதான் முறத்திலிருந்து எடுத்தது போல மணலில் விழுந்தது.

அவனுக்குத் தெரியும் அது எந்த அரிசி என்று. சுடுகாட்டில் தாடைக்கட்டை அவிழ்த்ததும் அப்பாவின் வாய் திறந்துகொண்டது. சித்தப்பா ராஜாமணி அவன் கையில் அரிசியைத் திணித்து, "டேய் ஜெயா, போடுடா. புள்ள நீதான் மொதல்ல போடணும்" என்றார். "மூணு தரம் தம்பி" என்றார் சிதை அடுக்கும் சின்னையன். மூன்று தரமும் அவன் கையைக் கொண்டுபோனான், மூன்று தரமும் மூடியபடியே எடுத்துவிட்டான். சின்னையன் மட்டும் பார்த்துவிட்டார். "தம்பி, அரிசி கையிலயே இருக்குதே" என்று மெதுவாகச் சொன்னார். அவன் காது கேட்காதவன் போல நகர்ந்துவிட்டான். அன்று சாயந்திரமே இங்கே வந்து அதை இந்தத் தொட்டியில் வீசினான். "என் மீனுக்குப் போட்டாலும் போடுவேன், உனக்குப் போட மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னான். சொன்னபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

பதினைந்து நாள். தண்ணீரில் கிடந்த அரிசி இரண்டே நாளில் அழுகியிருக்க வேண்டும்.

இரண்டாவது மீன் வாய் திறந்தது. அரிசி. மூன்றாவது. நான்காவது. உமிழ்ந்துகொண்டே இருந்தன. அவன் வீசியது ஒரு பிடிதான். இது ஒரு படி இருக்கும். அத்தனையையும் அவை பள்ளத்தின் கரையில் குவித்தன. ஒன்றுகூட உள்ளே விழவில்லை. உள்ளே போட வேண்டியது மீன்கள் இல்லை.

பயந்தான். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. செத்தும் விடவில்லையே இந்த மனுஷன். முட்டை என்று நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதையும் கெடுத்துவிட்டாரே!

சட்டைக் கையை மடித்தான். எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கடையில் கொட்டுவதற்காகக் கையைத் தண்ணீருக்குள் விட்டான். அரிசியைப் பிடி பிடியாக அள்ளும்போது விரல் பள்ளத்தின் விளிம்பில் பட்டது. மணலாக இல்லை. சொரசொரப்பாக, நாலைந்து நாள் தாடி போல இருந்தது. கை வழுக்கி உள்ளே போனது.

தொட்டியில் மூன்று அங்குலம்தான் மணல்.

கை முழங்கைவரை போனது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

பிடுங்கினான். வந்துவிட்டது. பிடியில் அரிசி இருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை.

பள்ளம் காத்திருந்தது. மீன்கள் காத்திருந்தன. மோட்டார் செருமியது. போட்டுவிட்டால் முடிந்துவிடும். அது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. மூன்று தரம். யாரும் பார்க்கவில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கணம் கை முன்னால் போகக்கூடப் போனது.

ஏழு மீன்கள் வாயைப் பிளந்து மிதந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"போட மாட்டேன்" என்று கத்தினான். "எத்தனை ஜென்மம் ஆனாலும் உனக்குப் போட..."

வாய் திறந்திருந்தது. கை வாய்க்கு வந்தது. அவன் கைதான். ஈரம், மஞ்சள் வாசனை, பல்லில் அரிசி. விரல்கள் இப்போது பிரிந்தன. நெருநெரு என்றது. துப்பப் பார்த்தான். துப்ப முடியவில்லை.

ஒன்று.

போன் அடித்தது. வினோதினி என்று வெளிச்சம் காட்டியது. கை தொட்டிக்குள் போனது, அள்ளியது, வந்தது. தொண்டை புடைத்தது. மூக்கில் காற்று இல்லை.

இரண்டு.

போன் நின்றது. மோட்டார் சத்தமும் நின்றது. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது, அதன் மேல் ஈர மணல் ஒட்டியிருந்தது.

கை மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது. ஆறு மீன்களும் ஒதுங்கி அதற்கு வழி விட்டன.