வலைப்பூவில் வந்த அக்கா

முதல் வலைப்பூவில் அந்த வரியைப் படித்தபோது டீச்சருக்குச் சிரிப்புதான் வந்தது. 'டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அந்த அக்கா நிற்கிறார்.'

எழுதியவள் வாயாடி என்று வகுப்பில் பேர் வாங்கியவள். கதை கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்து, "இப்ப கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே முதல் பதிவா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் மேசையில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். வெளியே மழை, சாத்திய ஜன்னல்களுக்குள் சூடான வயர்களின் வாடையும், ஈரச் சீருடைகளின் புழுக்கமும், கம்ப்யூட்டர்களின் ஓயாத முனகலும், சோவென்று விசைப்பலகைகள் தட்டப்படும் சத்தமும் ஒன்றாய்க் கலந்து அறையை நிறைத்திருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் சுவர். ஒரு ஆள் நிற்க இடமில்லை.

அடுத்த வலைப்பூ: 'அக்கா முடியில் தண்ணீர் சொட்டுகிறது.'

அதற்கடுத்தது: 'அக்கா இன்று ரொம்பக் கிட்டே நிற்கிறார்.'

எல்லாம் சேர்ந்து தன்னை ஓட்டுகின்றன என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கடைசி பெஞ்சு ஊமைக்கோட்டானும் அதையே எழுதியிருந்தான். அவன் யாரோடும் சேராதவன்.

"யாருப்பா அந்த அக்கா?"

தட்டும் சத்தம் நின்றது.

"உங்ககூட வர்றவங்கதானே டீச்சர்?" என்றாள் வாயாடி. "முன்னாடி சார்கூட வருவாங்க. இப்ப உங்ககூட."

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம் அந்த சார். அவர் இடத்துக்குத்தான் இவளை எடுத்தார்கள்.

"சார் ஏன் வேலைய விட்டாரு?"

"விடல டீச்சர்." ஊமைக்கோட்டானின் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "திரும்பிப் பாத்துட்டாரு."

அதட்ட நினைத்தாள். ஆனால் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. யாரும் அவள் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவள் தலைக்கு மேலே, சுவரில்.

"இப்ப... எங்க நிக்கிறாங்க?"

பிள்ளைகளின் கண்கள் மெல்ல இறங்கின. நெற்றி உயரத்துக்கு. காது உயரத்துக்கு.

"குனியறாங்க டீச்சர்." வாயாடி கிசுகிசுத்தாள். "திரும்பிடாதீங்க."

மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். பிடரியில் சில்லென்றது. தேங்கிய தண்ணீரின் நாற்றம். தோளில் ஏதோ படிந்தது. ஈரமாக. கனமாக.

திரும்பவில்லை. திரும்பவே மாட்டாள்.

பிள்ளைகளின் கண்கள் அவள் தோளைக் கடந்தன. கன்னத்துக்கு. கன்னத்திலிருந்து முன்னால்.

பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள்.

அவள் திரும்பவில்லை. அந்த அக்காவின் முகம்தான், அவள் கன்னத்தை உரசியபடி, மெதுவாக, அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.