உள்ளங்காலில் கட்டிய ரத்தம்

மழை பிடித்திருந்த ஒரு பிற்பகலில், தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறிய மருத்துவமனைக்கு ஓவியாவை வீல் சேரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செம்பாக்கம் ஏரிக்கரையில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது பாதம் வண்டிக்கடியில் மடங்கியிருந்தது. படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை.

எலும்பு மருத்துவர் ஹெப்சி, சுளுக்கு என்று எழுதப் போனாள்.

"உள்ளங்கால பாரு டாக்டரம்மா."

காதருகே ஓர் ஆண் குரல். அறையில் ஆண்கள் யாருமில்லை.

அந்தக் குரலை ஹெப்சிக்குத் தெரியும்.

படப்பை ஜெயவேலு. போன வருஷம் பஸ் படியில் கால் மாட்டி வந்தவர். பாதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினாள். ஒரு மாதம் கழித்து, ஊன்ற முடியவில்லை என்று மறுபடி வந்தார்.

"வலி உங்க மனசுலதான் இருக்கு. நடங்க," என்றாள்.

நடந்தார். ரோட்டைக் கடக்கையில், வந்த லாரிக்கு விலக முடியாமல் செத்துப்போனார். அதே ஊர்க்காரரான எக்ஸ்ரே டெக்னீஷியன் முனிரத்தினம்தான் வந்து சொன்னார்.

ஹெப்சி ஓவியாவின் பாதத்தைத் தூக்கினாள். உள்ளங்காலில் கருநீலமாய் ரத்தம் கட்டியிருந்தது; நடுப்பாதத்தின் இணைப்பு உள்ளே கிழிந்திருப்பதன் அடையாளம். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். பாரம் ஏறியதும் நடுப்பாத எலும்புகள் விலகி நின்றன.

வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன். எலும்புகளைச் சேர்த்து, ஸ்க்ரூ முடுக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தாள்.

திரையில் இரண்டு பாதங்கள்.

ஓவியாவின் பாதம் சேர்ந்திருந்தது. பக்கத்தில் அகலமான இன்னொன்று, எலும்புகள் விலகியபடியே.

"மேடம்... இது யாரு காலு?" முனிரத்தினம் திரையைச் சுட்டிக் காட்டினார்.

மேஜைமேல் ஒரு கால்தான் இருந்தது.

மறுநாள் காலை ஹெப்சி படப்பைக்குப் போனாள். ஜெயவேலுவின் மனைவி கங்கையம்மாள் கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் காலுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கணும். நான் சரியா பார்க்கல. தப்பு என்னோடது."

கங்கையம்மாள் அழவில்லை.

"நீ சொன்னத நம்பி, நடிக்கிறாருன்னு நானும் திட்டிகினே இருந்தேம்மா."

ஹெப்சி உட்கார, அருகிலிருந்த ஸ்டூலை இழுக்கப் போனாள்.

"அத்த இழுக்காதம்மா," கங்கையம்மாள் மெதுவாகச் சொன்னாள். "அவரு கால் வெச்சிகினு கீறாரு."

ஸ்டூலின்மேல் ஒரு தலையணை. அதன் நடுவே குதிகால் அளவுக்கு ஒரு குழி.

ஹெப்சி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது.